ரோமத்துக்குள் மறையும் ரத்தம்: பணி நாய்க்கான அவசர முதலுதவி

இடிந்து விழுந்த கட்டடக் குவியலில் ஆள் தேடும் நாய், கிழிந்த தகரத்தின் விளிம்பில் அக்குளைக் கிழித்துக்கொண்டாலும் பெரும்பாலும் வேலையை நிறுத்துவதில்லை. தேடலின் வேட்கையும் அந்நேரத்தில் உடலில் பாயும் அட்ரினலினும் வலியை அடக்கிவிடுவதால், அது அடுத்த இடுக்குக்குள் நுழைந்துவிடும். அடர்ந்த உள்ரோமம் வடியும் ரத்தத்தைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும். ரோமம் கறுப்பாக இருந்தால் ஈரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. எனவே நாயைக் கையாள்பவர் கண்ணைவிடக் கையையே நம்ப வேண்டும். கழுத்தில் தொடங்கி, மார்பு, இரு அக்குள்கள், வயிறு, தொடையிடுக்கு, கால்கள், பாதங்கள் என்று ரோமத்தின் ஓட்டத்துக்கு எதிராக விரல்களை அழுத்திச் செலுத்தி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கையில் ஒட்டும் சிவப்புதான் பல வேளைகளில் முதல் அறிகுறி.

அந்தச் சிவப்பு ஏன் அத்தனை அவசரமானது என்பது சிறு கணக்கில் விளங்கும். நாயின் உடலில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிலிட்டர் ரத்தம் உண்டு. 30 கிலோ எடையுள்ள நாய்க்கு மொத்தம் இரண்டரை லிட்டர் அளவுதான்; வளர்ந்த மனிதரிடம் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. மனிதர் தாங்கிக்கொள்ளும் 750 மில்லிலிட்டர் இழப்பு, இந்த நாய்க்கு மொத்த ரத்தத்தில் பத்தில் மூன்று பங்காகிவிடுகிறது. தொடைத் தமனி அறுபட்டால் இவ்வளவு ரத்தம் சில நிமிடங்களிலேயே வெளியேறிவிடக்கூடும்.

இதைவிடக் கவலை தருவது, நாயின் உடலே இழப்பை மறைக்கும் விதம். நாயின் மண்ணீரல் சிவப்பணுக்களைச் செறிவாகச் சேமித்து வைக்கும் கிடங்கு. நாய் வேகமாக ஓடும்போதும், அஞ்சும்போதும், ரத்தம் இழக்கும்போதும் மண்ணீரலின் தசைகள் சுருங்கி, அந்தச் சேமிப்பை ரத்த ஓட்டத்துக்குள் தள்ளுகின்றன. கூடவே தோலுக்கும் குடலுக்கும் செல்லும் நாளங்கள் குறுகி, இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. ஓட்டத்துக்காக அமைந்த உடலுக்கு இது அருமையான ஏற்பாடு. காயம்பட்ட நாயைப் பார்ப்பவருக்கோ இது ஆபத்தான ஏமாற்று. ஆரம்ப நேரத்து ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு விகிதம்கூட இயல்பாகத் தெரியலாம். கிடங்கு காலியாகி, நாளங்கள் இனிச் சுருங்க இயலாத நிலை வந்ததும், அதுவரை நின்றுகொண்டிருந்த நாய் திடீரெனச் சரிந்து விழும். "நன்றாகத்தானே நடந்து வந்தது" என்று யாரும் காத்திருக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

மறைந்த இழப்பை ஈறுகள் காட்டிக்கொடுக்கும். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலுள்ள ஈறை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். நிறம் திரும்பத் தாமதமானாலோ, ஈறே வெளிறிக் குளிர்ந்திருந்தாலோ நிலைமை முற்றியிருக்கிறது என்று பொருள். ஈறு இயற்கையிலேயே கறுத்திருக்கும் நாய்களுக்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். பின்தொடையின் உட்புறத்தில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஓடி நின்ற எந்த நாய்க்கும் நாடி விரைவாகவே இருக்கும். ஓய்ந்த பிறகும் வேகம் குறையாமல், துடிப்பு மட்டும் மெலிந்துகொண்டே போனால் அது ஆபத்து. தன் நாயின் ஈறு நிறத்தையும் ஓய்வு நேர நாடியையும் நல்ல நாளில் பலமுறை பார்த்துப் பழகியவருக்கே காயம்பட்ட நாளில் வேறுபாடு தெரியும்.

கை வைப்பதற்கு முன் இரண்டைக் கவனிக்க வேண்டும். நாயைக் காயப்படுத்திய ஆபத்து அங்கேயே இருந்தால் முதலில் இருவரும் விலக வேண்டும். அடுத்தது வாய். எவ்வளவு பாசமான நாயும் வலியில் கடிக்கும்; கையாள்பவரின் கை கிழிந்துவிட்டால் நாயைக் காப்பாற்றவும் ஆளில்லை. ஆகவே வாய்ப்பூட்டு மாட்ட வேண்டும். ஆனால் மூச்சுத் திணறும், வாந்தி எடுக்கும், முகத்தில் அடிபட்ட, அல்லது வெப்பத்தால் கடுமையாக இரைக்கும் நாய்க்கு அதை மாட்டக் கூடாது. அப்போது ஒருவர் தலையை அணைத்துப் பிடிக்க, மற்றவர் காயத்தைக் கவனிக்கலாம்.

பிறகு அழுத்தம். ரத்தப்போக்கை நிறுத்தும் வழிகளில் எளியதும், மிகப் பெரும்பாலான காயங்களுக்குப் போதுமானதும் இதுதான். நாளம் அறுபட்டவுடன் ரத்தத் தட்டணுக்கள் அந்த விளிம்பில் ஒட்டி, ஒன்றோடொன்று பிணைந்து தற்காலிக அடைப்பை உருவாக்குகின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோலப் பின்னி அதை உறுதியாக்குகின்றன. பீறிடும் ரத்தம் இந்த அடைப்பு உருவாக உருவாக அதை அடித்துச் சென்றுவிடும். நாம் அழுத்தும்போது நாளத்தின் வாய் குறுகி, ஓட்டம் தணிந்து, தட்டணுக்களுக்கு நிற்க இடம் கிடைக்கிறது. நின்றுவிட்டதா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பவர், அப்போதுதான் பின்னத் தொடங்கிய வலையைத் தானே பிய்த்தெறிகிறார். மனிதருக்கு மிகக் கடினமான காரியம் இந்தப் பொறுமைதான் என்று தோன்றுகிறது. கடிகாரத்தைப் பார்த்து, குறைந்தது 5 நிமிடம், உடல் எடையைக் கையில் இறக்கி, விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்தலாம்.

அக்குளிலும் தொடையிடுக்கிலும் மேலிருந்து அழுத்துவது மட்டும் போதாது. நாளம் ஆழத்தில் கிடக்கும், தோல் தளர்ந்து நழுவும். அங்கே காயத்தையே நிரப்ப வேண்டும். ஒரு விரலை உள்ளே விட்டு ரத்தம் சூடாக வந்து மோதும் இடத்தைத் தொட்டறிந்து, அந்த விரலை எடுக்காமலேயே, மற்றக் கையால் காஸ் துணியின் நுனியை அதன் பக்கத்தில் செலுத்தி, ரத்தம் வரும் இடத்தின்மேல் முதல் மடிப்பைத் திணிக்க வேண்டும். பிறகு விரல் மாற்றி விரலாக, முந்தைய மடிப்பின் அழுத்தம் தளராமல், துணி காயத்தின் வாய்க்கு மேலே குவியும்வரை நிரப்பி, அதன்மேல் இரு கைகளாலும் அழுத்த வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் மருந்தூட்டிய காஸ் கிடைத்தால் நேரம் குறையும்: கயோலின் என்னும் களிமண் தாது பூசியது உறைதல் வினைத்தொடரைத் தூண்டிவிடும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பூசியது சிவப்பணுக்களைத் தன்பால் ஈர்த்து ஒட்டவைக்கும். இவற்றை வைத்த பிறகும் குறைந்தது 3 நிமிடம் அழுத்தியே ஆக வேண்டும். மார்புக் கூட்டுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ திறக்கும் காயத்தில் மட்டும் எதையும் திணிக்கக் கூடாது.

மனிதக் காலுக்கென்று செய்த, கோல் முறுக்கி இறுக்கும் டூர்னிக்கே கட்டு நாயிடம் பல வேளைகளில் ஏமாற்றிவிடும். நாயின் கால் மேலே பருத்துக் கீழே கூம்பாகக் குறுகுவதாலும், தோல் தளர்ந்திருப்பதாலும், கட்டு சறுக்கிக் கீழிறங்கும். பாதி இறுகிய கட்டு கட்டாததைவிடக் கேடு: ரத்தத்தைத் திருப்பி எடுத்துச்செல்லும் சிரை அடைபடும், ஆழத்திலுள்ள தமனியோ திறந்தே இருக்கும், உள்ளே வந்த ரத்தம் திரும்ப வழியின்றிக் காயத்தின் வழியே கூடுதலாகக் கொட்டும். கால் சிதைந்தோ துண்டாகியோ போய், அழுத்தத்துக்கும் அடங்காமல் பீறிடும்போது மட்டும், அகலமான, இழுபடும் ரப்பர்ப் பட்டையைக் காயத்துக்கு மேலே இறுக்கச் சுற்றி, சுற்றிய நேரத்தைக் குறித்து, மருத்துவர் அவிழ்க்கும்வரை விட்டுவிட வேண்டும். மெல்லிய கயிறும் கம்பியும் நரம்பை நசுக்கும்.

கழுத்துக் காயத்தில் கையால் அழுத்தலாம். ஆனால் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் மூச்சுக்குழல் நெரியும் என்பதால், கட்டை எதிர்ப்பக்க அக்குள் வழியே குறுக்காக எடுத்துச் செல்ல வேண்டும். காது சிறிதே கிழிந்தாலும் நாய் தலையை உதறி உதறி ரத்தத்தைச் சுவரெங்கும் தெறிக்கவிடும். காதைத் தலையோடு படியவைத்துக் கட்டினால் அடங்கும். உடலில் குத்தி நிற்கும் கம்பியையோ மரச்சிராயையோ பிடுங்கக் கூடாது. துளையை அடைத்திருப்பதே அதுவாக இருக்கலாம். பிதுங்கிய குடலை உள்ளே தள்ளாமல் ஈரமான சுத்தத் துணியால் மூட வேண்டும்.

ரத்தம் நின்ற பிறகும் குளிர் ஒரு எதிரி. நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். உறைதலை நடத்தும் நொதிகள் அந்த வெப்பத்துக்கென்றே அமைந்தவை. உடல் குளிரக் குளிர அவை மந்தமாகி, அடைபட்ட காயம் மீண்டும் கசியும். எனவே நனைந்த நாயைத் துடைத்து, வெறுந்தரையில் கிடத்தாமல், போர்த்தி எடுத்துச் செல்ல வேண்டும். வேலையால் கொதித்துப்போயிருக்கும் நாயைப் போர்த்தக் கூடாது. வலிக்கென்று மனிதருக்கான ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்தால் தட்டணுக்களின் ஒட்டும் திறன் குறையும். ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்தையும் கெடுக்கும். போதிய அழுத்தத்துக்கும் ரத்தம் நிற்காவிட்டால் வேறு காரணங்களையும் நினைக்க வேண்டும். டோபர்மேன் நாய்களிடம் வான் வில்லிபிராண்ட் நோய் என்னும் பரம்பரை உறைதல் குறைபாடு பரவலாக உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்தைத் தின்ற நாய்க்கும் ரத்தம் சரியாக உறையாது.

மருத்துவமனையில் அந்த நாய்க்குக் காத்திருக்கும் ரத்தமாற்று முறைக்கு நாய்களே தொடக்கம். 1665இல் ஆக்ஸ்போர்டில் ரிச்சர்ட் லோயர், சாகும் தறுவாய்வரை ரத்தம் வடிக்கப்பட்ட ஒரு நாய்க்கு இன்னொரு நாயின் தமனியிலிருந்து ரத்தம் செலுத்தி அதை மீட்டெடுத்தார். கொடுமையான சோதனைதான், ஆனால் மனிதரையும் இன்று காப்பாற்றும் சிகிச்சை அவ்வழியே வந்தது. மருத்துவர் ரத்தத்தைத் தயார் செய்ய நேரம் வேண்டும் என்பதால், வண்டி கிளம்பும்போதே, நாயின் எடை, காயம்பட்ட நேரம், ஈறின் நிறம், கட்டிய நேரம் ஆகியவற்றைத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். ஓட்டுவதற்கு இன்னொருவர் இருக்கட்டும். கையாள்பவர் பின்னிருக்கையில் நாயோடு அமர்ந்து, கட்டின்மேல் வைத்த கையை மருத்துவரின் கை வந்து வாங்கும்வரை எடுக்காதிருக்க வேண்டும்.