பேஸ் ஃபேடரை இறக்கிப் பாருங்கள்

மெல்லிசைக் கச்சேரிகளுக்கு ஒலி பார்ப்பதும், இடையிடையே சின்ன சின்ன ரெக்கார்டிங்குகளை மிக்ஸ் செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. சவுண்ட் செக்கில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முழுக் குழுவும் வாசித்துக்கொண்டிருக்கும்போது யாரிடமும் சொல்லாமல் பேஸ் கிட்டாரின் (நாலு தடித்த கம்பியில் கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் கிட்டார்) ஃபேடரை, அதாவது அதன் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பிடியை மட்டும் மெதுவாக இறக்குவேன், மேடையில் அவர்கள் காதுக்குப் போகும் மானிட்டர் ஸ்பீக்கரிலும் சேர்த்து. 'பேஸ் போச்சு' என்று யாரும் சொன்னதில்லை. டிரம்மர் கொஞ்சம் ஓங்கி அடிக்க ஆரம்பிப்பார். பாடகர் காரணம் தெரியாமல் கீபோர்டுக்காரரைத் திரும்பிப் பார்ப்பார். "அண்ணே, என் குரல் மெலிஞ்சு கேக்குது, கொஞ்சம் ஏத்துங்க" என்பார். அவர் குரலை நான் தொட்டிருக்கவே மாட்டேன். பேஸைப் பழைய இடத்துக்கு ஏற்றியதும் "ஆ, இப்ப சரி" என்று கட்டைவிரல் காட்டுவார்.

அந்தக் கட்டைவிரல் பேஸ்காரருக்குச் சேர வேண்டியது. அவருக்கு அது போய்ச் சேருவதே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்குப் பணம் இடிக்கும்போது முதலில் வெட்டு விழுவது பேஸுக்குத்தான். "கீபோர்டுல இடது கையில பாத்துக்கலாமே சார்." பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த இடது கைக்கு ஏற்கனவே வேறு வேலை இருக்கிறது. இன்னொரு பக்கம், பேஸ் கற்கும் பிள்ளைகள் தாங்கள் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே வாசிக்கிறார்கள். கட்டைவிரலால் கம்பியை அறைவது, இரண்டு கையாலும் தட்டுவது, ஒரு எண்ணிக்கைக்குள் பதினாறு ஸ்வரம் திணிப்பது. முப்பது விநாடி வீடியோவில் அது எடுபடும். பாட்டுக்குள் வந்தால் பந்தியில் எல்லார் இலையிலும் கைவைக்கிறவன் மாதிரி ஆகிவிடும்.

போன வருடம் ஒரு பையன் தன் குழுவின் பாட்டை மிக்ஸ் செய்யக் கொண்டுவந்தான். மெதுவான பாட்டு, நல்ல மெட்டு, பாடிய பெண்ணும் நன்றாகப் பாடியிருந்தாள். பேஸ் வாசித்தவன் இவன்தான். பல்லவியின் முதல் நாலு பாரை (பார் என்பது ஒரு தாளச் சுற்று) திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். பாடகி 11 எழுத்து பாடுகிற இடத்தில் இவன் 37 ஸ்வரம் வாசித்திருந்தான். ஒவ்வொரு பார் முடிவிலும், அவள் மூச்சு வாங்கும் அந்த அரை நொடியில், ஒரு ஓட்டம். "எம்ப்டியா இருந்துச்சுண்ணா, அதான்" என்றான். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவன் பார்த்து வளர்ந்த வீடியோக்கள் எல்லாம் அப்படித்தான். மறுபடி வாசித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, அதற்கு முன் கேட்கச் சொல்லி நாலு பேர் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

முதல் பெயர் டொனால்ட் டன். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக்காரர், 1941-ல் பிறந்தவர். சின்ன வயதில் டொனால்ட் டக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வைத்த பட்டப்பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது: டக் டன். தானாகவே கற்றுக்கொண்டவர். கிட்டாரைத்தான் முதலில் முயன்றாராம், இரண்டு கம்பி அதிகமாக இருந்ததால் விட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஸ்டாக்ஸ் என்ற இசைக் கம்பெனி மெம்ஃபிஸில் ஒரு பழைய சினிமா தியேட்டரை ஸ்டுடியோவாக்கியிருந்தது. திரையை நோக்கிச் சரியும் தரையைக்கூடச் சமப்படுத்தவில்லை. அங்கே 1960களின் நடுவிலிருந்து தினப்படி பேஸ் வாசித்தவர் இவர். கூட டிரம்ஸில் அல் ஜாக்சன், கிட்டாரில் ஸ்டீவ் க்ராப்பர், ஆர்கனில் புக்கர் டி. ஜோன்ஸ். இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். அந்த ஊரில், அந்தக் காலத்தில், அது சாதாரண விஷயமில்லை. பாடகர் ஓடிஸ் ரெட்டிங் பாடியவற்றில் பெரும்பகுதிக்குக் கீழே ஓடுவது இந்த மனிதரின் விரல்தான்.

1965-ல் நடந்த ஒன்று எனக்குப் பிடிக்கும். பாடகர் வில்சன் பிக்கெட் 'இன் த மிட்நைட் ஹவர்' பாட்டைப் பதிவு செய்ய அங்கே வந்திருக்கிறார். தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து, இப்போது பிள்ளைகள் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று வாத்தியக்காரர்கள் முன்னால் ஆடியே காட்டினார். இரண்டாம் எண்ணிக்கையிலும் நாலாம் எண்ணிக்கையிலும் உடம்பு ஒரு நூல் பின்தங்கி விழுகிற ஆட்டம். க்ராப்பரும் ஜாக்சனும் அந்தப் பின்தங்கலை அப்படியே வாசிப்புக்குள் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஸ்டுடியோவின் முத்திரையே அதுவானது. இப்போது அந்தப் பாட்டில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். ஸ்நேர் (டிரம்ஸில் இரண்டிலும் நாலிலும் 'டப்' என்று விழும் அடி) பின்தங்கி விழலாம் என்றால் அதற்கு முன்னால் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். டன் நிற்கிறார். மூன்று நிமிடத்துக்கும் குறைவான அந்தப் பாட்டில் 'பாருங்கள் என்னை' என்று ஒரு இடம்கூடக் கிடையாது.

இடையில் ஒன்று. அதே குழு 1962-ல் போட்ட 'க்ரீன் ஆனியன்ஸ்' என்ற இசைத்தட்டு உலகப் பிரசித்தம். அந்த பேஸையும் டன்தான் வாசித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். வாசித்தவர் லூயி ஸ்டைன்பர்க், டன்னுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர். கவனிக்கப்படாதவர்கள் பட்டியலிலும் ஒருவர் பெயரை இன்னொருவர் பெயர் மறைத்துவிடுகிறது.

அதே மெம்ஃபிஸில் இன்னொரு பழைய சினிமா தியேட்டரிலும் ஒரு ஸ்டுடியோ இருந்தது. வில்லி மிட்செல் நடத்திய ராயல். பாடகர் அல் க்ரீன் 1970களின் தொடக்கத்தில் பாடிய புகழ்பெற்ற பாட்டுகள் அங்கே பிறந்தவை. அங்கே பேஸ் வாசித்தவர்தான் என் பட்டியலின் இரண்டாவது பெயர், லீராய் ஹாட்ஜஸ். ஆர்கனில் ஒரு சகோதரர், கிட்டாரில் இன்னொரு சகோதரர். அல் க்ரீன் கிசுகிசுப்பது போலப் பாடுகிறார். அந்தக் குரலுக்குக் கீழே யாராவது ஒரு ஸ்வரத்தைச் சத்தமாகக் கீழே போட்டால் போதும், பாட்டு உடைந்துவிடும். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவரின் கை ஹாட்ஜஸுக்கு.

மூன்றாவது ஜான் மெக்வீ. ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவின் 'ட்ரீம்ஸ்', 1977. அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன பாட்டு. நாலு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டில் அவர் வாசிப்பது ஏறக்குறைய இரண்டே ஸ்வரம்: எஃப், ஜி. மறுபடி எஃப், மறுபடி ஜி. கிட்டார் எடுத்து முதல் வாரத்திலேயே எவனும் இதை வாசித்துவிடலாம். நாலு நிமிடமும் அதே எடையில், அதே நீளத்தில், விரல் அரிக்காமல் வாசிப்பதுதான் கஷ்டம். நான் சொல்லி முயன்றவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது சரணத்துக்குள் ஏதாவது ஒரு பூவேலையைச் சேர்த்துவிட்டார்கள்.

நாலாவது பெயர் ஆஸ்டன் பாரெட், 'ஃபேமிலி மேன்' என்றால் தெரியும். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் பேஸ், 2024 பிப்ரவரியில் காலமானார். டிரம்ஸில் அவர் தம்பி கார்ல்டன். அவர்கள் வாசித்த ஜமைக்கா இசையான ரெக்கேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு அடி உண்டு. நாம் இயல்பாக ஓங்கி அடிக்கும் முதல் எண்ணிக்கையில் டிரம்ஸ் சும்மா இருக்கும். மூன்றாவதில்தான் விழும். அந்தக் காலி இடத்தைக் கண்டு பயப்படாமல் நாலைந்து ஸ்வரத்தில் ஒரு குட்டி மெட்டைக் கட்டி, அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார் பாரெட். பாடலை மறந்தாலும் அந்த பேஸை முணுமுணுப்பீர்கள்.

இந்த நாலு பேரிடமும் பொதுவாக உள்ள ஒன்றை வாத்தியார்கள் அவ்வளவாகச் சொல்லித்தருவதில்லை. எப்போது ஆரம்பிப்பது என்று சொல்லித்தருகிறார்கள். எப்போது நிறுத்துவது என்று சொல்வதில்லை. பேஸ் கம்பி தடிமன். ஒரு முறை மீட்டினால் பல நொடி அதிர்ந்துகொண்டே இருக்கும். நிறுத்தாவிட்டால் முதல் ஸ்வரத்தின் வால் ஸ்நேர் மேலும் அடுத்த கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மேலும் புரளும். கீழ் அலைவரிசை முழுக்கச் சேறாகிவிடும். அதைச் சரிசெய்யத்தான் என்னைப் போன்றவர்கள் கம்ப்ரஸரையும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது) ஈக்யூவையும் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது) திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஸ்நேர் விழும் கணத்தில் பேஸ் நின்றால் ஸ்நேர் இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்கும். டிரம்மருக்குப் பாராட்டு கிடைக்கும். (இது அடிக்கடி நடக்கும்.)

பழக ஒரு வழி: தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். ஒன்றில் ஒரே ஒரு ஸ்வரம் மீட்டுங்கள், இரண்டு அடிக்கும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். இடது விரலைக் கம்பியை விட்டு எடுக்க வேண்டாம், அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் போதும். வலது கை விரல்கள் சும்மா இருக்கிற கம்பிகளின் மேல் படுத்திருக்கட்டும். ஐந்து நிமிடம் இதைப் பதிவு செய்து கேட்டால் எத்தனை இடத்தில் சீக்கிரம் விட்டோம், எத்தனை இடத்தில் இழுத்தோம் என்று தெரிந்துவிடும். பழைய ஃபெண்டர் ப்ரெசிஷன் பேஸ்களில் பிரிட்ஜின் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) மூடிக்கு உள்ளேயே கம்பி அதிர்வை அடக்கும் பட்டை ஒன்றை வைத்து விற்றார்கள். இப்போதைய பேஸ்களில் பெரும்பாலும் இருக்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் செருகுங்கள், பத்து ரூபாய் வேலை.

கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாலு கம்பி பேஸின் மிகக் கீழான ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். உங்கள் போன் ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறக்குறைய ஊமை. மேலே கேட்கும் துணை ஒலிகளை வைத்துக் காது தானாக ஊகித்துக்கொள்கிறது. வேகமாக அறையும் வாசிப்பு போனில் பளிச்சென்று கேட்பதும், டக் டன் காணாமல் போவதும் இதனால்தான். ஒரு சுமாரான ஹெட்போன் போதும்.

நம் ஊர்க் கதையும் இதுதான். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் சுருதி விடாமல் ஒத்து ஊதுவார். மூச்சு முட்டும் வேலை. அவர் இடத்துக்குச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. 'ஒத்து ஊதுகிறான்' என்பதை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். மிருதங்கத்தில் சர்வலகு (வித்தை காட்டாத சீரான நடை) வாசித்துப் பாட்டைத் தாங்கிப் போகிறவரை ரசிக்கச் சபையில் சிலராவது உண்டு. சினிமாப் பாட்டில் அதுவும் கிடையாது. இளையராஜாவின் பேஸ் வரிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். அவற்றை வாசித்த சசிதரனின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? கேசட் அட்டையில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயரோடு இடம் முடிந்துவிட்டது. ஏ.ஆர். ரஹ்மான் தன் ஆல்பங்களில் வாத்தியக்காரர்கள் பெயரையும் அச்சிடத் தொடங்கிய பிறகுதான் கீத் பீட்டர்ஸ் என்று ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. இன்று பாட்டை ஆன்லைனில் ஏற்றும் இளைஞர்களுக்கு அட்டைப் பிரச்சினை இல்லை. விவரப் பகுதியில் இடம் தாராளமாக இருக்கிறது. பேஸ் வாசித்தவர் பெயரை ஒரு வரி போடுங்கள்.

அந்தப் பையன் மூன்று வாரம் கழித்து மறுபடி வாசித்து அனுப்பினான். அதே நாலு பாரில் இப்போது 9 ஸ்வரம். மூன்றாவது பாரில் பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் நிறுத்தியிருந்தான், அவள் மூச்சு மைக்கில் துல்லியமாக விழுந்திருந்தது. நான் ஈக்யூவைத் தொடவில்லை. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணா, ரொம்ப கம்மியா இருக்கா?" ஸ்பாஞ்ச் எங்கே வாங்கினாய் என்று கேட்டுப் பதில் போட்டேன்.