நகைக்கடன், சீட்டு நிறுவனங்கள்: சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் உங்கள் கடமை என்ன?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பகுதிகளில் ரிசர்வ் வங்கிப் பதிவோடு நகைக்கடன் கொடுக்கும் நிதி நிறுவனமும் சரி, சீட்டு நடத்தும் கம்பெனியும் சரி, 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. இந்தச் சட்டம் 2005 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரிய ரொக்கம், கள்ள நோட்டு, சந்தேகப் பரிவர்த்தனை பற்றிய அறிக்கைகள் போக வேண்டிய இடம் டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவு.

முதலில் ஆள் நியமனம். சட்டத்துக்குப் பொறுப்பேற்கும் இயக்குநர் ஒருவர், அறிக்கை அனுப்பும் முதன்மை அலுவலர் ஒருவர் என இருவர் வேண்டும். சிறு நிறுவனங்களில் முதலாளியே இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ரிசர்வ் வங்கி விதி இதை ஏற்பதில்லை.

அடுத்தது கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தையும் முகவரியையும் உறுதிசெய்வது. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை ஆகியவை அடையாளத்துக்கும் முகவரிக்கும் செல்லும். பான் அட்டை முகவரிச் சான்று ஆகாது; ஆனால் பான் எண்ணோ, அது இல்லாதவரிடம் படிவம் 60-ஓ கட்டாயம் வாங்க வேண்டும். எல்லைப்பகுதியில் வரும் சிக்கல் வேறு. வாடிக்கையாளர் கொழிஞ்சாம்பாறையில் வாடகைக்கு இருப்பார், ஆதாரில் பொள்ளாச்சி முகவரி இருக்கும். அவரைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. இரண்டு மாதத்துக்குட்பட்ட மின்கட்டண ரசீது அல்லது கேஸ் பில்லை இப்போதைய முகவரிக்கு ஏற்கலாம். மூன்று மாதத்துக்குள் முகவரி மாற்றிய ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதியை யாரும் குறித்து வைப்பதில்லை, ஆய்வில் மாட்டுவது அங்கேதான். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் அரசு தந்த திருமணச் சான்றிதழை இணைத்தால் போதும்.

ரொக்க அறிக்கையின் வரம்பு 10 லட்சம் ரூபாய். ஒரே தடவையில் அதற்கு மேல் வந்தால் மட்டும் என்று பலர் நினைப்பது தவறு. ஒருவர் ஒரே மாதத்தில் ஒரு கிளையில் 4 லட்சம், இன்னொரு கிளையில் 3.5 லட்சம், மறுபடி 3 லட்சம் எனத் தொடர்புள்ள தவணைகளாகக் கட்டினால் மொத்தம் 10.5 லட்சம், அறிக்கை தர வேண்டும். கிளைக்கொரு வாடிக்கையாளர் எண் கொடுத்திருந்தால் இந்தக் கூட்டல் கணினியில் வராது. ஒருவருக்கு நிறுவனம் முழுக்க ஒரே எண் என்பதை முதலில் சரிசெய்யுங்கள். அறிக்கைக்குக் கெடு, அடுத்த மாதம் 15-ஆம் தேதி. கள்ள நோட்டு அறிக்கைக்கும் அதே கெடுதான்.

சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைக்குத் தொகை வரம்பே இல்லை. நடக்காமல் போன முயற்சியும் அதில் சேரும். எங்களைக் கேட்டால், பெரிய தொகையைவிடப் பொருந்தாத தொகைதான் கவனிக்க வேண்டியது. தேங்காய், காய்கறி, கள் வியாபாரம் நடக்கும் ஊரில் கட்டுக்கட்டாக ரொக்கம் வருவது இயல்பு. அதை மட்டும் வைத்து விவசாயியைச் சந்தேகிப்பது அநியாயம். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை. வேறு வேறு பெயரில் அடகு, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கைபேசி எண். கேள்விக்குக் கடன் வாங்குபவர் வாய் திறக்காமல் கூட வந்தவரே பதில் சொல்வது. வட்டியைப் பார்க்காமல் நாலே நாளில் ரொக்கமாக மீட்பது. முதல் மாதமே சீட்டை எடுத்துவிட்டு மீதித் தவணை முழுவதையும் பணமாகக் கட்டுவது. இவற்றில் ஒன்று தென்பட்டால் விசாரியுங்கள், கேட்டதையும் கிடைத்த பதிலையும் எழுதி வையுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் முதன்மை அலுவலர் காலம் தாழ்த்தாமல் அனுப்ப வேண்டும். நல்லெண்ணத்தோடு அனுப்பியதற்காக நிறுவனத்தின் மீதோ ஊழியர் மீதோ வழக்குப் போட முடியாது; சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

அறிக்கை போனதை வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது. "உங்க பேர்ல மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்ண்ணா" என்று கவுண்டரில் இருப்பவர் பழக்க தோஷத்தில் சொன்னாலும் விதிமீறல்தான். ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் இதில் கூடுதல் கண்டிப்பு தேவை. யார் மீது அறிக்கை போயிற்று என்பது கவுண்டர் வரை தெரியாமலிருப்பதே நல்லது.

பரிவர்த்தனைப் பதிவுகளை நடந்த நாளிலிருந்து 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அடையாள ஆவணங்களுக்கு அந்த 5 ஆண்டு, கணக்கு முடிந்த பிறகுதான் தொடங்கும்; நகையை மீட்டுவிட்டார் என்று கோப்பைக் கிழித்துப் போடாதீர்கள். கடமை தவறினால் ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் முதல் 1 லட்சம் வரை அபராதம் உண்டு.