தீவிரமயமாக்கல்: சொல் விளக்கம்

பிரிட்டன் பள்ளிகளைப் பற்றிய செய்திகளில் 'ராடிகலைசேஷன்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் அதைச் சிலர் 'தீவிரவாதம்' என்று எழுதுகிறார்கள், சிலர் 'மூளைச்சலவை' என்கிறார்கள். இரண்டுமே பொருந்தவில்லை.

பயங்கரவாத வன்முறையை ஆதரிப்பதோ கையாள்வதோ நியாயம்தான் என்று ஒருவர் கருதத் தொடங்கும் போக்கு என அந்நாட்டு அரசின் வழிகாட்டி இதற்கு விளக்கம் தருகிறது. போக்கு என்பதுதான் முக்கியம். குற்றம் இன்னும் நடக்கவில்லை. பள்ளிக்கு வேலை இருப்பது அந்த இடைவெளியில்தான்.

சொல்லின் மூலம் லத்தீனில் வேரைக் குறிக்கும் 'ராடிக்ஸ்'. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் 'ராடிகல்' எனப்பட்டவர்கள், நாடாளுமன்றத்தை அடியோடு சீர்திருத்தி வாக்குரிமையை விரிவாக்கக் கேட்டவர்கள். இன்றைய பொருள் பரவலானது 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளை ஒட்டிய ஆண்டுகளில். தமிழிலும் இப்படித்தான். 1907 சூரத் காங்கிரஸில் திலகர் பக்கம் நின்ற வ.உ.சி.யையும் பாரதியையும் நம் பாடநூல்கள் பெருமையோடு 'தீவிரவாதிகள்' என்றன. அதே சொல் இன்று குண்டு வைப்பவரைக் குறிக்கிறது. அதனால்தான் ஒரு மாணவர் காரசாரமாக அரசியல் பேசுவதை இந்தச் சொல்லுக்குள் அடைக்கக் கூடாது என்கிறேன்.

'மூளைச்சலவை' சீன மொழியில் பிறந்து, 1950இல் கொரியப் போரையொட்டி ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு தமிழுக்கு வந்தது. பிடித்து அடைத்து வைத்து மனத்தை மாற்றுவதுதான் அதன் அடிப்படைப் பொருள். பதின்வயதுப் பிள்ளை தன் அறையில் கைபேசியோடு இருக்கும்போது நடப்பது வேறு. முதலில் நட்பு, பிறகு 'உன்னைப் புரிந்துகொள்வது நாங்கள்தான்' என்ற பேச்சு, அதன் பிறகுதான் வெறுப்பு.

2015ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்பு, பாதுகாப்புச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து பள்ளிகள்மீது ஒரு கடமையைச் சுமத்தியது. மக்கள் பயங்கரவாதத்துக்குள் 'இழுக்கப்படுவதை'த் தடுப்பதில் உரிய கவனம் செலுத்த வேண்டும். இதைப் 'பிரிவென்ட்' (தடுத்தல்) கடமை என்கிறார்கள். கலகலப்பாக இருந்த மாணவி திடீரென ஒதுங்குகிறாள், ஒரு சமூகத்தாரை மனிதராகவே மதிக்காமல் பேசுகிறாள் என்றால், ஆசிரியர் நேராகக் காவல்துறைக்கு ஓட வேண்டியதில்லை. மாணவர் பாதுகாப்புக்கென்றே பள்ளியில் நியமிக்கப்பட்ட பொறுப்பாளரிடம் சொல்கிறார். அவர் விசாரித்து, தேவையென்று பட்டால் பிரிவென்ட் திட்டத்துக்குப் பரிந்துரைக்கிறார். காவல்துறை பரிசீலித்தபின், உள்ளாட்சி நிர்வாகம் தலைமை தாங்கும் 'சேனல்' குழு உதவி அளிக்கிறது. அந்த உதவிக்குச் சம்மதம் வேண்டும். சிறார் என்றால் பெற்றோர் சம்மதம்.

2024 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிரிவென்டுக்கு வந்த பரிந்துரைகள் 6,922. அவற்றில் சுமார் 40 சதவீதம் கல்வித்துறையிலிருந்து. சேனல் உதவிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை 512 மட்டுமே. முஸ்லிம் மாணவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கவைக்கிறது பிரிவென்ட் என்ற குற்றச்சாட்டு தொடக்கத்திலிருந்தே உண்டு. 2016இல் தேசிய ஆசிரியர் சங்கமே இதைக் கைவிடக் கோரித் தீர்மானம் போட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வகுப்பில் வாய் திறக்கப் பயப்படும் மாணவருக்கு எந்த ஆசிரியராலும் உதவ முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமியரைக் கொன்ற 17 வயது இளைஞன், 2019க்கும் 2021க்கும் இடையில் மூன்று முறை பிரிவென்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டவன். தெளிவான கொள்கைச் சார்பு இல்லை என்பதற்கு அளவுக்கு மீறி எடை கொடுத்துவிட்டார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. கொள்கையை மட்டுமே தேடியதில், வன்முறைமீது அவனுக்கிருந்த வெறி பின்னுக்குப் போய்விட்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'தீவிரமயமாதல்' என்றால் தானாக மாறுவது; 'தீவிரமயமாக்கல்' என்றால் பிறர் மாற்றுவது. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒன்றாகவே மூடி வைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது 'தீவிரமயமாக்கல்' என்பதே என் தேர்வு. குறிவைக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதை அது மறைக்காது. 'தீவிரம்' வடசொல் என்று தயங்குவோருக்கு இலங்கைத் தமிழ் இதழ்களில் புழங்கும் 'கடும்போக்கு' கைகொடுக்கும்: 'மாணவர்கள் வன்முறைக் கடும்போக்குக்குள் இழுக்கப்படாமல் பள்ளி காக்க வேண்டும்.' 'வன்முறை' என்ற அடைமொழியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.