கடல் நீரைக் காய்ச்சினால் உப்பு ஏன் கசக்கிறது?

ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா கேட்டிருந்த கேள்வி இது. கடற்கரைக்குப் போனபோது மகள் இரண்டு பாட்டில் கடல் நீர் பிடித்து வந்து, பாடத்தில் படித்தபடியே வடிகட்டி, அடுப்பில் வைத்துச் சொட்டு ஈரம் இல்லாமல் சுண்டக் காய்ச்சியிருக்கிறாள். அடியில் வெள்ளையாக உப்பு வந்தது. நாக்கில் வைத்தால் ஒரே கசப்பு. மறுநாள் காலையில் அந்த உப்பு கசிந்து கிண்ணத்தில் தண்ணீர் விட்டிருந்தது. "எங்கே தப்பு செய்தோம்?" என்று கேட்கிறார்.

தப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசிவரை காய்ச்சியதுதான் சிக்கல்.

சலித்தல், தூற்றுதல், வடிகட்டுதல், தெளியவைத்து இறுத்தல், ஆவியாக்குதல் எல்லாம் ஆறாம் வகுப்பிலேயே படித்தவைதான். கரைந்த பொருள் வடிதாளில் நிற்காது, அதனால் தண்ணீரை ஆவியாக்குகிறோம். அதுவரை சரி. ஆனால் கடல் நீரில் கரைந்திருப்பது ஒரே ஓர் உப்பு என்று நினைத்தால்தான் கணக்கு தப்பும். ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் 27 கிராம் அளவுக்கு நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடு. மீதியில் மெக்னீசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், கால்சியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு, துளி சுண்ணாம்பு. கசப்பு மெக்னீசியத்தின் வேலை.

எல்லாவற்றையும் காயவைத்தால் எல்லாமே அடியில் தங்கும். அப்படியானால் உப்பளத்தில் மட்டும் கசக்காத உப்பு எப்படி வருகிறது? அங்கேயும் வெயிலில் தண்ணீரை வற்ற வைக்கத்தானே செய்கிறார்கள்?

ஒவ்வொரு உப்பும் தண்ணீரில் கரையும் அளவு வேறு. ஆகவே தண்ணீர் வற்ற வற்ற, அவை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெளியே வரும். 1849இல் உசிக்லியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல் நீரைப் பொறுமையாக வற்றவைத்து, எந்தக் கட்டத்தில் எது படிகிறது என்று எடை போட்டுப் பார்த்தார். பத்து லிட்டரில் தொடங்கினால் கதை இப்படிப் போகும். பாதி வற்றும்போது சுண்ணாம்பு படியத் தொடங்கும். இரண்டு லிட்டராகும்போது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், ஊசி ஊசியாக இறங்கும். ஏறக்குறைய ஒரு லிட்டர் மிஞ்சும்போதுதான் நம்முடைய உப்பு பூக்க ஆரம்பிக்கும். மெக்னீசியம் அப்போதும் தண்ணீரிலேயே சொகுசாகக் கரைந்திருக்கும்.

தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளங்களில் பாத்திகள் அடுத்தடுத்து இருப்பது இதற்காகத்தான். முதல் பாத்திகளில் தண்ணீர் வற்றி அழுக்கும் சுண்ணாம்பும் இறங்கும். அடுத்தவற்றில் ஜிப்சம் தங்கிவிடும். தண்ணீரின் அடர்த்தியை ஒரு மிதவைக் கருவியில் டிகிரியாகப் பார்ப்பார்கள். கடல் நீர் 3 டிகிரி சொச்சம். 25ஐத் தொட்டதும் உப்புப் பாத்திக்குத் திருப்புவார்கள். 29ஐ நெருங்கும்போது, இன்னும் உப்பு மிச்சம் இருக்கும் என்று தெரிந்தேதான், எஞ்சிய கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். பேராசைப்பட்டு இன்னும் வற்றவைத்தால் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும். நம் மாணவியின் பாத்திரத்தில் நடந்தது இதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. உப்பு பிறப்பதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கல்லுப்பை இனிமேல் கரையாது என்னும் அளவுக்குத் தண்ணீரில் கரைத்து, மேலே தெளிந்ததை மட்டும் ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். காற்று படாத இடமாக இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் மேல்பரப்பில் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் மிதக்கும். உப்பு தண்ணீரைவிடக் கனமானது, ஆனாலும் பரப்பு இழுவிசை அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். ஆவியாவது மேல்பரப்பில் என்பதால் அங்கேதான் கரைசல் மிகச் செறிவாக இருக்கிறது. எனவே அந்தச் சின்னக் கட்டி தண்ணீர் மட்டத்தில் இருக்கும் தன் நான்கு ஓரங்களில்தான் வேகமாக வளரும். வளர்ந்ததும் எடை கூடும், கொஞ்சம் கீழே அமிழும். புதிய தண்ணீர் மட்டத்தில் அடுத்த ஓரம் வளரும். மறுபடி அமிழும். ஒரு மணி நேரம் கழித்து உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: நாலாபக்கமும் படிக்கட்டு இறங்கும் ஒரு கோயில் தெப்பக்குளம், விரல் நுனியில் வைக்கும் அளவில்! முதன்முதலில் இதைப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டை மறந்து தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏன் சதுரமாகவே வருகிறது? சோடியமும் குளோரினும் சதுரங்கக் கட்டங்கள்போல மாறி மாறி, ஆனால் மூன்று திசையிலும் அடுக்கிக்கொண்டு போவதால். அந்த அடுக்கில் மெக்னீசியம் நுழைவது கடினம். அது தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொண்டே திரியும், எளிதில் விடாது. ஆக, படிகம் வளரும்போதே பெரும்பாலான மெக்னீசியத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு வளர்கிறது. தப்பித் தவறி ஒட்டுவது மேலே படிந்த ஈரத்திலும், அந்தக் குட்டித் தெப்பக்குளங்களுக்குள் மாட்டிக்கொண்ட துளிகளிலும்தான்.

மறுநாள் தண்ணீர் விட்டதற்கும் இதே மெக்னீசியம்தான் காரணம். சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் அதைவிடக் குறைந்த ஈரப்பதம் அபூர்வம். வீட்டு மூலையில் கிண்ணம் நிறையக் கல்லுப்பு வைத்து, அது கசிந்ததும் "திருஷ்டியை உறிஞ்சிவிட்டது" என்கிறார்களே, அது உறிஞ்சியது காற்றின் ஈரத்தை. பயத்தில் இருக்கும் மனிதர்களிடம் இதைச் சொல்லிக் காசு பறிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பிள்ளைகளிடம் இரண்டு வகை உப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அந்தப் பயம் ஒரு நாளில் போய்விடும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. வெளியே விடும் அந்தக் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம், பொட்டாசியம், புரோமின் எல்லாம் இருக்கின்றன. பொட்டாஷ் உரத்தை நாம் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். 1954 முதல் பாவ்நகரில் இயங்கும் மத்திய உப்பு ஆய்வு நிறுவனம் இதைப் பிரித்தெடுக்கும் வழிகளில் வேலை செய்திருக்கிறது. இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும், அதன் பலன் வெயிலில் நின்று உப்பு வாரும் தொழிலாளி வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் கருத்து.

சரி, மாணவிக்கு வருவோம். அடுத்த முறை தண்ணீர் பத்தில் ஒரு பங்காகும்போது அடுப்பை நிறுத்தி, ஆறவிட்டு வடிகட்டு. ஜிப்சமும் சுண்ணாம்பும் துணியில் நிற்கும். மிச்சத்தை வெயிலில் வைத்து, அது மூன்றில் ஒரு பங்கானதும், இன்னும் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிடு. படிகங்களைக் கழுவ வேண்டும், ஆனால் வெறும் தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்து போகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: கடை உப்பைக் கரையும் மட்டும் கரைத்த தண்ணீரை மேலே ஊற்று. அதில் ஏற்கெனவே உப்பு நிறைந்திருப்பதால் உன் உப்பைத் தொடாது, ஒட்டியிருக்கும் மெக்னீசியத்தை மட்டும் அடித்துக்கொண்டு போகும். உப்பைக் கழுவும் ஆலைகளிலும் இந்த முறைதான். கடற்கரைத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்குமோ, அதனால் ருசி பார்க்க வேண்டாம். பழைய உப்பு ஒரு தட்டிலும் கழுவிய உப்பு ஒரு தட்டிலும் நன்றாக உலரட்டும். அப்புறம் இரண்டையும் ஓர் இரவு வெளியே வைத்து, எது முதலில் கசிகிறது என்று எனக்கு எழுது.