கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் படம்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் போன மாதம் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார். சிபியுவை உரச் சாக்கில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு தருமபுரி வரைக்கும் வந்திருக்கிறார். மேசை மேல் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே, "தம்பி, கீழ மூலையில ஸ்பீக்கர் படம் இருக்குமே, அதைக் காணோம். வைரஸ்தானே?" என்றார்.

விண்டோஸ் 7 போட்ட பழைய டெஸ்க்டாப். மானிட்டரில் இணைத்து, அவர் சேர்த்து வைத்திருந்த பாட்டு ஒன்றை ஓட விட்டேன். சத்தம் கணீரென்று வந்தது. காணாமல் போனது படம் மட்டும்தான். செட்டிங்கில் ஒரு இடத்தை மாற்றினேன், படம் வந்துவிட்டது. முழுசாக 2 நிமிடம் ஆகவில்லை. "இதுக்கா இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தேன்?" என்று சிரித்தவர், அப்புறம் சொன்ன விஷயத்தில் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. சில வருடங்களுக்கு முன்னால் இதே கோளாறுக்கு வேறு ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே ஃபார்மட் அடித்து, டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அழித்துக் கொடுத்துவிட்டார்கள். மகள் கல்யாணப் படங்கள் மொத்தமும் போயிற்று.

மூலையில் ஒரு படத்தைக் காணோம் என்பதற்காக யாராவது ஃபார்மட் என்ற சொல்லை எடுத்தால், மெஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவனாகத்தான் சொல்கிறேன். எங்களுக்கு ஃபார்மட் அடிப்பது சுலபம், யோசிக்க வேண்டியதில்லை. போவது உங்கள் வீட்டுப் பொருள்.

அந்தப் படங்கள் ஏன் மறைகின்றன? கடிகாரத்தை ஒட்டியிருக்கும் ஐகான்கள் தாமாக அங்கே உட்கார்ந்திருப்பவை அல்ல. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஒவ்வொரு புரோகிராமும் திரையின் அடியில் இருக்கும் பட்டையிடம், அதாவது டாஸ்க்பாரிடம், "நான் வந்துட்டேன், என் படத்தைப் போடு" என்று கேட்க வேண்டும். டாஸ்க்பாரே எக்ஸ்ப்ளோரர் என்ற புரோகிராமின் ஒரு பகுதிதான். பழைய ஹார்ட் டிஸ்க் திணறிக்கொண்டிருக்கும் அந்த முதல் நிமிடத்தில் எக்ஸ்ப்ளோரர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால், கேட்டவனுக்குப் பதில் வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் ஓய்ந்துவிடுவான். வாத்தியாருக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன்: "சார், நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு பையன் 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்றான். அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் வாசல்ல வந்து நிக்கிறாரு, உங்க காதுல விழல. பதிவேட்டுல ஆப்சென்ட். ஆனா பையன் கிளாஸ்லதான் இருக்கான்."

விண்டோஸ் எக்ஸ்பியில் இது பிரசித்தமான கோளாறு. ஒரு நாள் வால்யூம் ஐகான் இருக்கும், மறுநாள் இருக்காது, அதற்கு அடுத்த நாள் நெட்வொர்க் ஐகானும் போயிருக்கும். நெட்வொர்க்கில் வேறு கருவிகள் இருக்கின்றனவா என்று தேடும் எஸ்எஸ்டிபி டிஸ்கவரி என்ற சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஆரம்பத்தில் எக்ஸ்ப்ளோரரைக் காக்க வைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த சர்வீஸை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டில் ஒற்றைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டு கேட்காமல் நேராக டெஸ்க்டாப்புக்குப் போகும்படி வைத்திருந்த மெஷின்களில்தான் இந்தத் தொல்லையை நான் அதிகம் பார்த்தேன். ஒரு பாஸ்வேர்டு போட்டு வைத்தால், அதைத் தட்டுகிற சில நொடிகளில் பின்னணி வேலைகள் கொஞ்சம் முடிந்துவிடும்.

நீங்களே செய்யக்கூடியது என்ன? முதலில், காணாமல் போனது படமா, பொருளா என்று பாருங்கள். ஸ்பீக்கர் ஐகான் இல்லையென்றால் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். நெட்வொர்க் ஐகான் இல்லையென்றால் பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போய்ப் பாருங்கள். வேலை செய்கிறதா? அப்படியென்றால் அவசரமே இல்லை, காப்பி குடித்துவிட்டு வந்து பார்க்கலாம்.

விண்டோஸ் 7-இலும் 10-இலும் கடிகாரத்துக்கு இடப்பக்கம் மேல்நோக்கி ஒரு சின்ன அம்பு இருக்கும். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக விண்டோஸே பல ஐகான்களை அதற்குள் போட்டு வைத்திருக்கும். காணோம் என்று எனக்கு வரும் போன்களில் நிறைய அந்த அம்பை அழுத்தியதும் முடிந்துவிடும். உள்ளே இருப்பதை மவுஸால் இழுத்து வெளியே விட்டால் போதும். அங்கேயும் இல்லையென்றால், 7-இல் அதே அம்பின் உள்ளே இருக்கும் கஸ்டமைஸ் என்பதை அழுத்துங்கள். வரும் பக்கத்தின் அடியில் சிஸ்டம் ஐகான்களை ஆன், ஆஃப் செய்யும் இடம் இருக்கும். 10-இல் டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போனால், நோட்டிஃபிகேஷன் ஏரியா என்ற தலைப்பின் கீழ் அதே வசதி. எக்ஸ்பியாக இருந்தால் கண்ட்ரோல் பேனலில் சவுண்ட்ஸ் அண்ட் ஆடியோ டிவைசஸ் உள்ளே ஒரு டிக். அந்த டிக் பெட்டியே மங்கலாகிக் கிடந்தால் விஷயம் வேறு. விண்டோஸின் கண்ணுக்கு சவுண்ட் கார்டே தெரியவில்லை என்று அர்த்தம். அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் போடவேண்டி வரும்.

செட்டிங் எல்லாம் சரி, படம் மட்டும் வரவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரரை நிறுத்தித் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். திறந்திருக்கும் ஃபைல்களை முதலில் சேவ் செய்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 10-இல் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுத்தால் ஆயிற்று. 7-இல் ப்ராசஸஸ் பகுதியில் எக்ஸ்ப்ளோரரை முடித்துவிட்டு, மேலே ஃபைல் மெனுவில் நியூ டாஸ்க் போய் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்த வேண்டும். நடுவில் டாஸ்க்பார் மொத்தமும் மறைந்து திரை வெறிச்சோடிப் போகும், பயப்பட வேண்டாம். திரும்ப வரும்போது எக்ஸ்ப்ளோரர் எல்லாப் புரோகிராம்களுக்கும் "புது டாஸ்க்பார் போட்டாச்சு" என்று ஒரு அறிவிப்பு கொடுக்கும். ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம்கள் அதைக் கேட்டு மறுபடி கை தூக்கும். சோம்பேறிப் புரோகிராம்கள் தூக்காது. அவற்றை மட்டும் மூடித் திறக்க வேண்டியதுதான்.

7-இல் இன்னொரு பிடிவாதக் கோளாறு உண்டு. ஐகான்களின் பழைய நினைவை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (தன் செட்டிங்குகளை எல்லாம் எழுதி வைக்கும் பதிவேடு) டிரே நோட்டிஃபை என்ற இடத்தில் இரண்டு பதிவுகளாக வைத்திருக்கும். அது கெட்டுப்போனால் ஆன், ஆஃப் பெட்டிகளே மங்கிப்போய் மாற்ற விடாது. கரன்ட் போய்ப் போய் வரும் ஊர்களில், யுபிஎஸ் இல்லாமல் பட்டென்று அணைந்து பழகிய மெஷின்களில் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டையும் அழித்தால் விண்டோஸ் புதிதாக எழுதிக்கொள்ளும். ஆனால் எக்ஸ்ப்ளோரர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழித்தால் பயனில்லை. போகும்போது தன் மனதில் இருக்கும் பழைய கணக்கையே திரும்ப எழுதி வைத்துவிட்டுத்தான் போகும். முதலில் எக்ஸ்ப்ளோரரை முடித்து, அப்புறம் அழித்து, அப்புறம் ஓட்ட வேண்டும். இந்த வரிசை தெரியாமல் "நானும் அழிச்சுப் பார்த்தேன், சரியாகலை" என்று வந்தவர்கள் உண்டு. ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம், தெரிந்த ஆளிடம் விடுங்கள்.

டாஸ்க்பார் மொத்தத்தையும் காணோம் என்று காரிமங்கலத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். லீவுக்கு வந்த பேரன் அதன் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்து விட்டிருக்கிறான், நூல் மாதிரி ஒரு கோடுதான் மிச்சம். மவுஸைத் திரையின் அடி ஓரத்தில் வைத்து, இருபக்க அம்பு வந்ததும் மேலே இழுக்கச் சொன்னேன். சரியானதும் ரைட் கிளிக்கில் லாக் த டாஸ்க்பார். பேரன் ஊருக்குப் போகும் வரையாவது அந்தப் பூட்டு இருக்கட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமையாகப் பார்க்கக்கூடியவை. இனிச் சொல்லும் இரண்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஒன்று, ஆன்டிவைரஸ் ஐகான். ஸ்பீக்கர் படம் போனால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் இதைக் காணவில்லையென்றால் அந்தப் புரோகிராமே ஓடாமல் இருக்கலாம். ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்து பாருங்கள். திறக்கவில்லை, கூடவே டாஸ்க் மேனேஜரும் திறக்க மறுக்கிறது, பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் தெரிகின்றன என்றால் வாத்தியாருடைய கேள்விக்கு அப்போது பதில் ஆமாம், வைரஸ்தான். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று ஹார்ட் டிஸ்க். தினமும் ஐகான்கள் வருவதற்கு 5, 10 நிமிடம் பிடிக்கிறது, நடுநடுவே எக்ஸ்ப்ளோரர் உறைந்து நிற்கிறது, உள்ளே டக், டக் என்று சத்தம் கேட்கிறது என்றால் டிஸ்க் சாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் செட்டிங்கை நோண்டாதீர்கள், திரும்பத் திரும்ப ஆன் பண்ணியும் பார்க்காதீர்கள். முடிகிறபோதே படங்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள், முடியவில்லையென்றால் அணைத்து வைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் பார்க்கும் ஒருவருக்கு இப்படித்தான் ஐகான் வரவில்லை என்று ஆரம்பித்தது. அவர் கணக்கு முழுக்க அதில்தான் இருந்தது. காப்பி எடுத்து முடித்த 3-ஆம் நாள் டிஸ்க் எழவே இல்லை. இப்போது எஸ்எஸ்டி என்ற, உள்ளே சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க் போட்டு அதே மெஷின் ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டருக்குக் காசு செலவழிப்பதாக இருந்தால் எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பதுதான் என் கணக்கில் லாபம்.

தீர்வு தேடி நெட்டில் இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐகானைச் சரிசெய்கிறேன், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் இலவச மென்பொருள்களைப் போடாதீர்கள். அவற்றால் வந்த கோளாறைச் சரிசெய்வதிலேயே எங்களுக்குப் பாதி நாள் போகிறது. இன்னும் மோசமானது, திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பெட்டி வந்து "வைரஸ் தாக்கியுள்ளது, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்பது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. அழைத்தால் உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள், அப்புறம் பேங்க் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930-க்கு உடனே அழையுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், 7-க்கு 2020 ஜனவரியிலும், 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்களை, நிறுத்திவிட்டது. பாட்டு கேட்க, கடிதம் தட்ட, பழைய படம் பார்க்க அவை ஓடிக்கொண்டே இருக்கட்டும். எக்ஸ்பியிலோ 7-இலோ பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

வாத்தியார் போன வாரம் மறுபடி போன் செய்தார். "தம்பி, நீ காட்டின இடத்துல நானே போய்ப் பார்த்தேன். பவர்னு ஒண்ணு மங்கலா இருக்கு, ஆன் ஆக மாட்டேங்குது." அது பேட்டரிக்கான ஐகான் சார், உங்க டெஸ்க்டாப்பில் பேட்டரியே கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நல்லவேளை போன் பண்ணேன், கிளம்புறதுக்கு சாக்கை எடுத்து வெச்சிருந்தேன்" என்றார்.