ஜப்பானில் அமெரிக்கப் படைவீரர் குற்றம் செய்தால் வழக்கு யாருடையது?

ஜப்பானில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாயை உள்ளூர்ச் சட்டம் தொடவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 1952-ல் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. அன்றைய நிர்வாக ஒப்பந்தப்படி, படைவீரர் எங்கே என்ன குற்றம் செய்தாலும் அமெரிக்க ராணுவமே விசாரிக்கும். 1953 அக்டோபரில் அந்த விதி திருத்தப்பட்டது. 1960 ஜனவரி 19-ல் கையெழுத்தாகி, ஜூன் 23-ல் நடப்புக்கு வந்த படைநிலை ஒப்பந்தத்தின் (ஜப்பானில் இருக்கும் அமெரிக்கப் படையின் சட்டநிலையை வரையறுக்கும் ஒப்பந்தம்) 17ஆம் பிரிவுதான் இன்றும் செல்லுபடியாகும் விதி.

அதன்படி, பணியில் இல்லாத ஒரு படைவீரர் ஜப்பானியரை அடித்தாலோ கொன்றாலோ வழக்கு நடத்தும் முதல் உரிமை ஜப்பானுக்கே. தகராறு பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில்தான் வருகிறது. அவர் பணியில் இருந்தாரா என்று எழுதித் தருவது யார்? குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை ஆள் யார் காவலில் இருப்பார்?

முதல் உரிமை எப்படிப் பிரிகிறது

ஒரு செயல் ஒரு நாட்டின் சட்டப்படி மட்டும் குற்றமென்றால், அந்த நாடே அதை விசாரிக்கும். கொலை, திருட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல் போன்றவை இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றம். இவற்றில் இருவருக்கும் அதிகாரம் உண்டு; முதலில் யார் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவுக்கு முதல் உரிமை தரும் சூழல்கள் இரண்டு. ஒன்று, குற்றம் அமெரிக்கச் சொத்துக்கோ பாதுகாப்புக்கோ மட்டும் எதிரானது, அல்லது பாதிக்கப்பட்டவரும் படைவீரர், படையின் சிவில் ஊழியர், குடும்பத்தார் என அதே வட்டத்தைச் சேர்ந்தவர். மற்றொன்று, அலுவல் பணியைச் செய்யும்போது நடந்த செயல் அல்லது தவறு. மீதி எல்லாவற்றிலும் ஜப்பானுக்கு முதல் உரிமை. குற்றம் நடந்த இடம் தளத்தின் வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்பது இந்தப் பங்கீட்டை மாற்றாது. தளத்துக்குள் ஜப்பானியத் தொழிலாளி ஒருவரைப் பணியில் இல்லாத சிப்பாய் தாக்கினாலும் முதல் உரிமை ஜப்பானுக்குத்தான்.

முதல் உரிமையை விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். எதிர்த்தரப்பு கேட்டால் 'பரிவோடு பரிசீலிக்க வேண்டும்' என்கிறது ஒப்பந்தம். ஒருவரை ஒரு நாடு விசாரித்துத் தீர்ப்பளித்துவிட்டால், அதே குற்றத்துக்காக மற்ற நாடு ஜப்பான் மண்ணில் அவரை மீண்டும் விசாரிக்க முடியாது. ராணுவ ஒழுங்கு மீறலுக்கான நடவடிக்கைக்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

பணிச் சான்றிதழ்

சம்பவம் பணியின்போது நடந்தது என்று படைத்தளபதி ஒரு சான்றிதழ் கொடுத்தால், மாற்று ஆதாரம் வரும்வரை அதுவே போதுமான சான்று. ஒப்பந்தத்தோடு சேர்ந்த இணக்கக் குறிப்பு இப்படிச் சொல்கிறது. மறுக்க நினைக்கும் ஜப்பானிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் எதிர் ஆதாரத்தைத் தானே திரட்ட வேண்டும். ஆதாரமோ பெரும்பாலும் தளத்துக்குள், அமெரிக்கர் கையில் இருக்கும். உடன்பாடு வராவிட்டால் இரு அரசுகளின் அதிகாரிகள் உட்காரும் கூட்டுக் குழுவுக்கு விஷயம் போகும்.

மறுக்கவே முடியாது என்றும் இல்லை. 1957 ஜனவரி 30-ல் குன்மா மாவட்டத்தின் சோமகஹாரா சுடுதளத்தில், காலித் தோட்டா உறைகளைப் பொறுக்க வந்த ஒரு பெண் இறந்தார். பயிற்சி இடைவேளையில் ஓர் எந்திரத் துப்பாக்கிக்குக் காவல் நின்ற சிப்பாய், கையெறிகுண்டு ஏவும் கருவியில் காலி உறையைப் போட்டு அவர் பக்கம் சுட்டிருந்தார். காவல் பணியில்தான் இருந்தார் என்றது அமெரிக்கா; அந்தச் செயலுக்கும் காவல் பணிக்கும் தொடர்பே இல்லை என்றது ஜப்பான். கூட்டுக் குழுவில் பேசி, கடைசியில் அமெரிக்கா ஆளை ஒப்படைக்க ஒத்துக்கொண்டது. சிப்பாய் தரப்பு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயும் பலனில்லை. ஒப்படைக்க அரசியலமைப்பில் தடை எதுவும் இல்லை என்று அந்த ஆண்டு ஜூலை 11-ல் தீர்ப்பு வந்தது. மாயேபாஷி நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது. பணி நேரம் வேறு, பணிச் செயல் வேறு என்ற வாதத்துக்கு இன்றுவரை இந்த வழக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

வேலைக்குப் போகும் வரும் பயணமும் பணியாகவே கருதப்படும். மது அருந்தியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆனால் அலுவல்முறை விருந்தில் குடித்துவிட்டு ஓட்டினால் பணிதான் என்ற ஒரு விசித்திரமான விலக்கு 1956 முதல் இருந்தது. அதை நீக்க 2011 டிசம்பர்வரை ஆயிற்று.

காவல்: 17ஆம் பிரிவின் ஐந்தாம் பத்தி

மிக அதிகமாகச் சண்டை நடந்திருப்பது இந்த ஒரு பத்தியைச் சுற்றித்தான். ஜப்பான் வழக்கு நடத்தப்போகும் குற்றவாளியாகவே இருந்தாலும், அவர் அமெரிக்கர் கையில் இருந்தால், குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை அமெரிக்கக் காவலிலேயே இருப்பார். தெருவில் ஜப்பானியப் போலீஸ் பிடித்தால் ஜப்பானியக் காவல். அவர் ஓடிப்போய்த் தளத்தின் வாயிலைத் தாண்டிவிட்டாலோ நிலைமை தலைகீழ்.

குற்றப்பத்திரிகைக்கு முந்தைய நாட்கள் ஏன் இவ்வளவு முக்கியம்? ஜப்பானில் கைதானவரைப் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் அரசு வழக்கறிஞரிடம் அனுப்பும். அவர் 24 மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் காவல் நீட்டிப்புக் கேட்பார். 10 நாள், பின் இன்னொரு 10 நாள் கிடைக்கலாம். மொத்தம் 23 நாள். ஜப்பானிய வழக்குகள் பெரும்பாலும் இந்த 23 நாளில் கிடைக்கும் வாக்குமூலத்தின் மேல்தான் எழுகின்றன. விசாரணை அறையில் வக்கீல் உடன் இருப்பது வழக்கமில்லை. அமெரிக்கா ஆளைத் தரத் தயங்குவதற்கு இதையே காரணமாகச் சொல்கிறது. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆள் தளத்துக்குள் இருக்கும்வரை புலனாய்வாளர்கள் அமெரிக்கர் ஒத்துழைப்போடுதான் விசாரிக்க முடியும். சேர்ந்து குற்றம் செய்தவர்கள் தங்களுக்குள் பேசி ஒரே கதையைச் சொல்வதற்கும் இடம் உண்டு.

1995 செப்டம்பர் 4-ல், அமெரிக்கத் தளங்கள் செறிந்த தெற்குத் தீவான ஒகினாவாவில், 12 வயதுச் சிறுமியை மூன்று படைவீரர்கள் கடத்தி வன்புணர்ந்த வழக்கில் இந்தப் பத்தி உலகத்துக்கே தெரியவந்தது. போலீஸ் பிடியாணை வாங்கியும், அந்த மாதம் 29-ல் குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகே மூவரும் கைமாறினார்கள். அக்டோபர் 21-ல் நடந்த கண்டனக் கூட்டத்துக்கு 85,000 பேர் வந்ததாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். நான்கு நாள் கழித்துக் கூட்டுக் குழு ஒரு முடிவு எடுத்தது: கொலை, வன்புணர்வு வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு முன்பே ஒப்படைக்கும்படி ஜப்பான் கேட்டால் அமெரிக்கா பரிவோடு பரிசீலிக்கும். மற்ற வழக்குகளில் ஜப்பானின் கருத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பரிசீலிப்பவர் மறுக்கலாம், மறுத்தும் இருக்கிறார். 2001-ல் ஒகினாவாவின் சதான் ஊரில் நடந்த வன்புணர்வு வழக்கில் பிடியாணை வந்த நான்காம் நாள் ஒப்படைத்தார்கள். 2002-ல் வன்புணர்வு முயற்சிக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் அதிகாரியை ஒப்படைக்க மறுத்தார்கள். அவர் குற்றப்பத்திரிகைக்குப் பிறகே கைமாறினார். 2004-ல், விசாரணையின்போது அமெரிக்கப் பிரதிநிதி ஒருவர் உடன் இருக்க ஜப்பான் இசைந்த பிறகு இந்த உரசல் கொஞ்சம் தணிந்தது.

தண்டனை பெற்றவர்கள் ஜப்பானியச் சிறைக்குத்தான் போகிறார்கள். ஆண்களைப் பெரும்பாலும் யோகோசுகா சிறையில் வைப்பது வழக்கம்.

சிவில் ஊழியரும் குடும்பத்தாரும்

இங்கே ஓர் ஓட்டை பல காலம் இருந்தது. டோக்கியோவில் தன் ராணுவ அதிகாரிக் கணவரைக் கொன்ற ஒரு பெண்ணின் வழக்கும் சேர்ந்த 1957 தீர்ப்பில், மரண தண்டனைக்குரிய குற்றத்துக்குச் சமாதான காலத்தில் குடும்பத்தாரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1960-ல் சிவில் ஊழியருக்கும் மற்றக் குற்றங்களுக்கும் அது நீண்டது. பணியின்போது விபத்து ஏற்படுத்திய சிவில் ஊழியரை ஜப்பானும் விசாரிக்காது, ராணுவ நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்ற நிலை. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களை அமெரிக்க சிவில் நீதிமன்றத்தில் நடத்த 2000-ல் ஒரு சட்டம் வந்தது. இருந்தாலும் சாட்சிகள் எல்லாம் கடலுக்கு இந்தப் பக்கம், ஜப்பானில்.

2011 ஜனவரியில் ஒகினாவா சாலை விபத்தில் ஓர் இளைஞர் இறந்த பிறகு விதி மாறியது. அதே ஆண்டு நவம்பர் ஏற்பாட்டின்படி, அமெரிக்கா வழக்கு நடத்தாவிட்டால் தான் வழக்கு நடத்த 30 நாட்களுக்குள் ஜப்பான் ஒப்புதல் கேட்கலாம். மரணம், உயிருக்கு ஆபத்தான காயம், நிரந்தர ஊனம் ஆகியவற்றில் அமெரிக்கா பரிவோடு பரிசீலிக்கும். 2017 ஜனவரியில், 'சிவில் ஊழியர்' என்ற வட்டத்துக்குள் யார் வருவார் என்பதையும் துணை ஒப்பந்தம் போட்டுச் சுருக்கினார்கள்; முந்தைய ஆண்டு ஒகினாவாவில் ஓர் இளம்பெண்ணைக் கொன்றவர் தளத்தில் வேலை பார்த்த நிறுவனம் ஒன்றின் ஊழியர்.

பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்பது

இதற்கு 18ஆம் பிரிவு. சம்பவம் பணியின்போது நடந்திருந்தால் வழி எளிது: ஜப்பான் அரசே தன் சட்டப்படி பணம் கொடுக்கும். தவறு முழுக்க அமெரிக்கருடையது என்றால் அதில் 75 விழுக்காடு அமெரிக்கா, 25 விழுக்காடு ஜப்பான். வேடிக்கை என்னவென்றால், குற்ற வழக்கை ஜப்பானிடமிருந்து பறிக்கும் அதே பணி நிலை, இழப்பீட்டை உறுதியாக்குகிறது.

பணியில் இல்லாதபோது நடந்தால் குற்றவாளிதான் பொறுப்பு. அவரிடம் பணம் இல்லையென்றால், ஜப்பான் பாதுகாப்பு அமைச்சகத்தின் வட்டாரப் பணியகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணியகம் தொகையை மதிப்பிட்டு அமெரிக்கத் தரப்புக்கு அறிக்கை அனுப்பும். எவ்வளவு தருவது, தருவதா வேண்டாமா என்பது அமெரிக்கர் முடிவு. அது கருணைத் தொகைதான். வெளிநாட்டு இழப்பீட்டுக்கான அமெரிக்கச் சட்டப்படி கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் வைக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான்.

கையெழுத்துப் போடுமுன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருணைத் தொகையை வாங்கினால் முழுக் கோரிக்கையும் தீர்ந்ததாக ஏற்றுக்கொண்டதாகும். நீதிமன்றத் தீர்ப்பு ஏற்கெனவே கையில் இருந்து, தொகை அதைவிடக் குறைவாக இருந்தால், ஒகினாவாவின் தளச் சுமையைக் குறைக்க இரு அரசுகளும் அமைத்த சிறப்புக் குழுவின் 1996 டிசம்பர் அறிக்கைப்படி இடைவெளியை ஜப்பான் அரசு நிரப்ப முயலும். அதனால் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வாங்கி வைத்துக்கொள்வது, குற்றவாளி ஊருக்குப் போய்விட்டாலும், வீண் வேலை இல்லை.