மெதுவாகப் போனால்தான் வண்டி தள்ளாடும்

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கி ஓட்டக் கற்பவர்கள் வேகத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் பழகும் நாட்களில் வண்டி கீழே சாய்வது பெரும்பாலும் நடை வேகத்தில்தான்: கிளம்பும்போது, யூ-டர்ன் அடிக்கும்போது, நிறுத்தும்போது. பழக்கம் போதவில்லை என்பது மட்டுமே இதற்குக் காரணமல்ல. அந்த வேகத்தில் வண்டியை நிமிர்த்தி வைப்பதே கடினம்.

உள்ளங்கையில் ஒரு கம்பைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கம்பு வலப்பக்கம் சாய்ந்தால் கையும் வலப்பக்கம் ஓடும். விழுகிற பக்கத்துக்கே அடியைக் கொண்டுபோனால்தான் கம்பு நிமிரும். மோட்டார் சைக்கிளும் இப்படித்தான் நிற்கிறது. வண்டி வலப்பக்கம் சாயும்போது முன்சக்கரம் சற்று வலப்பக்கம் திரும்புகிறது. சக்கரங்கள் அந்தப் பக்கம் உருண்டு, சாய்ந்த எடைக்கு அடியில் போய்த் தாங்கிக்கொள்கின்றன.

கவனியுங்கள், சக்கரம் திரும்பினால் மட்டும் போதாது, உருளவும் வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குள் சுமார் 11 மீட்டர் உருள்கிறது. 5 கி.மீ. வேகத்தில் 1.4 மீட்டர்தான். அதனால் வேகமாகப் போகும்போது ஹேண்டில்பாரை இம்மியளவு அசைத்தாலே சாய்வு சரியாகிவிடும். மெதுவாகப் போகும்போது நிறையத் திருப்ப வேண்டும். நின்றுவிட்ட வண்டியில் எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை, காலைத்தான் ஊன்ற வேண்டும்.

இந்தத் திருத்தத்தில் பெரும்பகுதியை, ஓரளவு வேகம் வந்ததும், வண்டி தானே செய்துகொள்ளும். முன் ஃபோர்க் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சுமார் 10 செ.மீ. முன்னால் போய் முட்டும். இந்த இடைவெளியால், வண்டி சாயும்போது சக்கரம் சாய்ந்த பக்கமே திரும்பப் பார்க்கும். சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும்; கைரோஸ்கோப் விளைவு எனப்படும் இதுவும் துணை செய்கிறது. ஆனால் இந்த இரண்டு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையுமே நீக்கிய ஒரு சோதனை சைக்கிளைச் செய்து உருட்டிவிட்டார்கள். ஆள் இல்லாமலேயே அது விழாமல் ஓடியது. எடை எங்கெங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

முழங்கையை விறைப்பாக்கி ஹேண்டில்பாரை நெரித்துப் பிடித்தால், வண்டி தானே செய்துகொள்ளும் இந்த வேலையைத்தான் தடுக்கிறோம். பெட்ரோல் தொட்டியை முழங்கால்களால் அணைத்துக்கொண்டு கைகளைத் தளர விட்டால் தள்ளாட்டம் குறைவது இதனால்தான்.

மெதுவாகப் போவது எஞ்சினுக்கும் சிரமம். ஆக்ஸிலேட்டரைத் தொடாவிட்டாலும் அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகள் ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் அணைந்துவிடும். கிளம்பும்போது பின்சக்கரமோ அசையாமல் நிற்கிறது. ஓடுவதையும் நிற்பதையும் சட்டென்று கோத்தால் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகும். கிளட்சுக்குள் இருக்கும் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி மெல்லப் பற்றும் அந்தக் குறுகிய இடத்தைத்தான் பாதி கிளட்ச் என்கிறோம். புது வண்டியில் முதலில் பழக வேண்டியது இதுதான். ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல், கிளட்சை நூலளவு நூலளவாக விட்டு, வண்டி நகரத் துடிக்கும் இடத்தை விரல்களுக்குப் பழக்குங்கள். நடை வேகத்தில் பாதி கிளட்சோடு பின் பிரேக்கை லேசாக அழுத்தி ஓட்டினால் வண்டி வெட்டி இழுக்காது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது மட்டும் முன் பிரேக்கைப் பிடித்துவிடாதீர்கள். சக்கரம் நின்றதும் எடை அப்படியே திருப்பத்தின் உள்பக்கம் கவிழும்.

வேகம் கூடியதும் இன்னொரு விந்தை நடக்கும். வலப்பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது, சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்ப வேண்டும்! கம்பை நினைத்துக்கொண்டால் இது புரியும். கையை இடப்பக்கம் நகர்த்தினால் கம்பு வலப்பக்கம் சாயும். சக்கரம் இடப்பக்கம் விலகியதும் வண்டி வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகு சக்கரம் வலப்பக்கம் திரும்பி வளைவைத் தொடர்கிறது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் 1869-லேயே இரு சக்கர வண்டிகளுக்கு இதை விளக்கிவிட்டார். சைக்கிள் ஓட்டும் எல்லோரும் அறியாமலே இதைச் செய்துவருகிறோம். அவசரத்தில் ஒதுங்க வேண்டிய வேளையில் அறிந்து செய்வது உயிர் காக்கும் என்பதால், ஆளில்லாத திடலில் 30 கி.மீ. வேகத்தில், கைப்பிடியை மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பழகிக்கொள்வது நல்லது.

எவ்வளவு சாய வேண்டும் என்பது எடையைப் பொறுத்ததல்ல. வேகமும் வளைவின் ஆரமும்தான் கணக்கு. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை 30 கி.மீ. வேகத்தில் கடக்கச் சுமார் 20 பாகை சாய்வு போதும். அதே வளைவில் 40 கி.மீ. என்றால் 32 பாகை. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, சாய்வு பாதிக்கு மேல் கூடிவிட்டது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

புது வண்டிக்காரர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். சாலையில் உரசிச் சொரசொரப்பான பிறகே முழுப் பிடிப்பு வரும். நேராகவே ஓட்டிக்கொண்டிருந்தால் நடுப்பகுதி மட்டும்தான் தேயும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். அதனால் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பிரேக் பேடுகளும் டிஸ்க்கோடு உரசிப் பொருந்த அவகாசம் வேண்டும். அதுவரை முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள்.